மலையின் இரு பக்கமும் அறிந்த பெயர்



ஆனைமலையிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் ஏறி, அதையும் தாண்டினால் பரம்பிக்குளம். 1930-களில் அது கொச்சி சமஸ்தானத்துக் காடு. அங்கே வெட்டிய மரம் டிராம் வண்டியில் சாலக்குடிக்கு இறங்கும். 1935 முதல் 1941 வரை அந்தச் சமஸ்தானத்துக்குத் திவானாக இருந்தவர் மலைக்கு இந்தப் பக்கத்துக்காரர்: கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

1892-ல் பிறந்தவர். சட்டம் படித்தார். 1920-ல் சென்னை சட்டசபை, பிறகு டில்லியில் மத்திய சட்டசபை. 1933-ல் அந்தச் சபையின் தலைவராக அமர்ந்தபோது வயது நாற்பதுதான். சர் பட்டமும் அதே ஆண்டில் வந்தது.

இடையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1932-ல் ஒட்டாவா மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். பிரிட்டிஷ் சரக்குக்குச் சுங்கச் சலுகை தரும் உடன்படிக்கை அங்கே உருவானது. விடுதலைப் போராட்டத்தில் ஊருக்கு ஊர் மக்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1934 தேர்தலில், சபைத் தலைவராக இருந்தவரையே காங்கிரஸ் வேட்பாளர் சாமி வெங்கடாசலம் செட்டியார் தோற்கடித்தார். அந்தத் தோல்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அவர் சோர்ந்து உட்காரவில்லை. கொச்சிக்குப் போனார். கொச்சித் துறைமுகம் பெருந்துறைமுகமாக உயர்ந்தது அவர் காலத்தில். 1938-ல் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் அமைச்சராகும் ஆட்சிமுறை அங்கே வந்ததும் அவர் காலத்தில்தான். 1944-ல் உலக வங்கிக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் வித்திட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டிலும் இந்தியாவுக்காகப் பேசினார்.

1947 ஆகஸ்டில், காங்கிரஸ்காரர் அல்லாத இவரையே நேரு முதல் நிதியமைச்சராக்கினார். நவம்பர் 26-ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார். நாடு பிரிந்த ரணம் ஆறவில்லை. அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். தானியத் தட்டுப்பாடு வேறு. ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வரவு 171 கோடி, செலவு 197 கோடி. செலவில் 92 கோடிக்கு மேல் ராணுவத்துக்கே போனது. அந்த நெருக்கடியில் அவர் கைவைத்தது ஏற்றுமதியாகும் பருத்தித் துணியிலும் நூலிலும். பஞ்சாலை ஊரில் பிறந்து, ஆலைத் தொழிலும் அறிந்த ஒருவர் தம் ஊர்த் தொழில் மீதே வரி போட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பதவி ஏறக்குறைய ஓராண்டே நீடித்தது. வரி ஏய்ப்பு விசாரணைக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது. 1948 ஆகஸ்டில் பதவி விலகினார்.

பதவியோடு அவர் முடிந்துபோகவில்லை. சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர் அவர். மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற தமிழிசை இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர். 1953 மே மாதம், அறுபது வயதில் காலமானார்.

பொள்ளாச்சி, கோவைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த முதல் பட்ஜெட் உரை மத்திய அரசின் பட்ஜெட் இணையதளத்தில் இருக்கிறது. ஒருமுறை முழுதாக வாசியுங்கள். வகுப்பில் அதைப் பற்றி விவாதியுங்கள்.