வானம் தோண்டுவதற்கு முன்



நம் கிளை நூலகத்துக்குப் பின்னால் கழிப்பறை கட்ட ஊர் கூடிப் பணம் சேர்த்திருக்கிறீர்கள். நல்ல காரியம். நாளை காலை வானம் தோண்டப் போகிறார்கள். முப்பத்தைந்து வருடம் கட்டட வேலை பார்த்தவன் என்பதால் நேற்று என்னிடம் வரைபடத்தைக் காட்டினார்கள். வாசலில் இரண்டு படி, கதவுக்கு இரண்டரை அடி நிலை, உள்ளே நாலடிக்கு நாலடி. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு என் அக்காவின் நினைப்புதான்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம். சக்கர நாற்காலியில்தான் எங்கும் வருவாள். ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். பந்தியில் எல்லோருக்கும் பாயசம் வரும், இவள் இலையை மூடிவிடுவாள். பசி இல்லை என்பாள். போகிற இடத்தில் ஒதுங்க வழி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இப்படி அடக்கி அடக்கியே சிறுநீர்த் தொற்று வந்து எத்தனையோ முறை காய்ச்சலில் படுத்திருக்கிறாள். வாசிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் எங்கள் ஊர் நூலகத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை.

நானும் எத்தனையோ கழிப்பறை கட்டியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இரண்டரை அடி நிலைதான் வைத்தேன். அக்காவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவனுக்கே அது உறைக்கவில்லை என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய கட்டடத்தோடு கழிப்பறை சேர்க்கும்போது படி ஏன் வருகிறது? பைப்புக்கு வாட்டம் வேண்டும். கழிவுநீர்த் தொட்டி தூரத்தில் இருந்தால் வாட்டத்துக்காக அறையின் தரையைத் தூக்குவார்கள், தூக்கினால் படி வைப்பார்கள். ஆகவே தொட்டியின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதை அறைக்கு அருகே கொண்டுவந்து, பைப் போய்ச் சேரும் வாயைத் தாழ்த்தி வைத்தால் தரையைத் தூக்க வேண்டிய தேவையே வராது.

அப்படியும் ஓர் அடி உயர்ந்துவிட்டால், சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. பலகையைச் சாய்த்து வைத்ததுபோல நாலடியில் முடித்துவிட்டால் நாற்காலி பின்னால் கவிழும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூலகத்தின் முன்வாசலிலேயே மூன்று படி இருக்கிறது. அந்த ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். வேப்பமரத்து ஓரம் இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். அதைச் செய்யாமல் பின்னால் கழிப்பறை மட்டும் கட்டினால், உள்ளேயே வர முடியாதவருக்கு அது எதற்கு?

கதவு. மூன்றடி நிலை வைத்தால் மூன்றடி வழி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நிலைக்கால்கள் தின்றதுபோக இரண்டரை அடிதான் மிஞ்சும். கிடைக்கும் வழியே 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், ஆகவே நிலை மூன்றரை அடி. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். அறைக்குள் சக்கர நாற்காலி வட்டமடித்துத் திரும்ப ஐந்தடி வேண்டும். வெஸ்டர்ன் பீடத்தின் உட்காரும் உயரம் 45 முதல் 48 சென்டிமீட்டர் இருக்கட்டும், நாற்காலியிலிருந்து அதற்கு நகர்ந்து உட்காரப் பக்கத்தில் இடம் விடுங்கள்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் கொத்தனார்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நாலரை அங்குலச் சுவரில் டைல்ஸ் ஒட்டிய பிறகு பிளக் அடித்து மாட்டிய கம்பி, ஒரு மனிதரின் முழு எடையும் இறங்கும் அன்றைக்குப் பெயர்ந்து வரும். கம்பி வரும் இடத்தில் இப்போதே கான்கிரீட் வைத்துக் கட்டுங்கள்.

பழைய கட்டடம்தானே, சட்டம் கேட்குமா என்று ஒரு தம்பி கேட்டார். கேட்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் அவர்கள் பயன்படுத்தும்படி மாற்றச் சொல்கிறது. விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், இந்த அளவுகோல்களை விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்கிற ஆலோசனைகளாக விட்டுவைக்க முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தொடங்கியது 2005இல். பொது இடத்துக்குள் நுழைவதற்கு ஒரு குடிமகன் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது, பாருங்கள்!

கட்டி முடித்த பிறகு ஒரு வேண்டுகோள். பல இடங்களில் இப்படிப்பட்ட அறைக்குப் பூட்டுப் போட்டு, உள்ளே துடைப்பமும் பக்கெட்டும் அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாவி யாரிடம் என்று கேட்டு ஒரு பெண் அலைய வேண்டுமா? நம் நூலகத்தில் அது நடக்கக் கூடாது.

பொருளாளர் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறார். சாய்தளத்துக்கும் பெரிய அறைக்கும் கூடுதலாகத்தான் ஆகும், மறைக்கவில்லை. அதில் என் பங்காக மூன்று மாத ஓய்வூதியத்தைத் தருகிறேன். ஆனால் காகிதத்தில் சுவரைத் தள்ளிப் போட இன்றைக்குக் காசு ஆகாது. கட்டிய சுவரை இடித்துத் தள்ளிப் போட இரட்டைக் கூலி ஆகும்.

நாளை காலை ஆறு மணிக்குச் சுண்ணாம்புக் கோடு போடும்போது எல்லோரும் வாருங்கள். அக்காவையும் அழைத்து வருகிறேன். அந்தக் கோட்டுக்குள் அவள் தன் நாற்காலியை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்க்கட்டும். அதன் பிறகு கடப்பாரையை எடுங்கள்.