ப்ராசஸர் வேகமும் கேம் ஓடும் வேகமும்

கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் "லேக் அடிக்குது" என்ற புலம்பல் அடிக்கடி கேட்கும். ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் படம் திக்கித் திக்கி நகரும். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸுக்குள் போய் ப்ராசஸர் வேகத்தை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நண்பர் யாராவது யோசனை சொல்வார். ஏற்றலாம், தப்பில்லை. அதற்கு முன்னால், தாமதம் ப்ராசஸரில்தானா என்று பார்த்துவிட வேண்டும்.

திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட். எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எதில் பட்டது, சுவர் இடிந்தால் கல் எந்தப் பக்கம் விழும் என்ற கணக்கையெல்லாம் ப்ராசஸர் போட்டுக் கொடுக்கும். அதை வைத்து கிராஃபிக்ஸ் கார்டு படம் வரையும். 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோர், அந்தச் சிறு அவகாசத்துக்குள் ஏழரைக் கோடி முறை துடிக்கிறது. அப்படியும் கணக்கு முடியவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டு சும்மா காத்திருக்கும். வரைவது தாமதமானால் ப்ராசஸர் காத்திருக்கும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி உண்டு. கேமின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு ஓடும் படங்கள் மளமளவென்று ஏறினால், திணறியது கிராஃபிக்ஸ் கார்டுதான். ப்ராசஸரை எவ்வளவு முடுக்கினாலும் பெரிய பலன் இராது. எண்ணிக்கை அசையவே இல்லை என்றால் இழுபறி ப்ராசஸர் பக்கம். நகரம் கட்டும் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' கேமில், ஊர் பெரிதாகப் பெரிதாக இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

சரி, ப்ராசஸர்தான் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் வோல்டேஜையும் ஏற்ற வேண்டிவரும். கணக்கு கசப்பது இங்கேதான். மின்செலவு வேகத்தோடு கூடும். வோல்டேஜோடு அதன் வர்க்க அளவில் கூடும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால், செலவு சுமார் 33 சதவீதம் ஏறிவிடும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். சூடு எல்லையைத் தொட்டால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஏற்றி வைத்தது அப்போது வீண். ஏசி இல்லாத அறையில், சித்திரை மாத மதியத்தில், இது வெகு சீக்கிரம் நடக்கும்.

வோல்டேஜ் விஷயத்தில் அலட்சியம் கூடாது என்பதற்கு இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களே சாட்சி. உச்சத்தில் 6 கிகாஹெர்ட்ஸைத் தொடும் என்று விற்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. கேம்கள் பாதியில் மூடிக்கொண்டன. வீடியோ மெமரி போதவில்லை என்று திரையில் செய்தி வந்ததால், பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போயிருக்கிறது என்று 2024-இல் இன்டெல்லே சொன்னது. ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டு நீட்டித்தார்கள். ஏற்கெனவே பழுதான ப்ராசஸரை அந்தத் திருத்தம் மீட்காது. எந்த செட்டிங்கையும் தொடாமல் விளையாடியவர்களும் இதில் அகப்பட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். அந்தத் தலைமுறை ப்ராசஸர் உங்களிடம் இருந்தால், பயாஸைப் புதுப்பித்தாயிற்றா என்று இன்றே பாருங்கள்.

வேகத்தைக் குறைத்து ஜெயித்த ப்ராசஸரும் உண்டு. ஏஎம்டி நிறுவனம் 2022-இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற ஒன்றை வெளியிட்டது. அதற்கு முந்தைய 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், புதியதில் 4.5 மட்டுமே. ஆனாலும் பெரும்பாலான கேம்களில் புதியதுதான் முந்தியது. காரணம் கேஷ் எனப்படும் உள்நினைவகம்: 32 மெகாபைட்டிலிருந்து 96-க்கு உயர்த்தியிருந்தார்கள். மளிகைக் கடைக்காரர் எத்தனை கைவேகம் உள்ளவராக இருந்தாலும், சரக்கு பின்கட்டுக் கிடங்கில் இருந்தால் நடந்துபோய்த்தானே எடுத்துவர வேண்டும்? கையெட்டும் தூரத்தில் அதிகச் சரக்கு இருந்ததால் அந்த ப்ராசஸர் காத்திருந்த நேரம் குறைந்தது.

லேப்டாப்பில் விளையாடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்று ஓர் இடம் பல லேப்டாப்களில் உண்டு. அங்கே 100 என்று இருப்பதை 99 ஆக்கினால், டர்போ எனப்படும் கூடுதல் வேகம் நின்றுவிடும். ஒரே ஒரு எண்தான். சூடு சட்டென்று இறங்கும், ஃபேன் இரைச்சல் அடங்கும். பல லேப்டாப்களில் ப்ராசஸரின் சூட்டையும் கிராஃபிக்ஸ் சிப்பின் சூட்டையும் ஒரே செப்புக் குழாய்தான் கடத்துகிறது. அதனால் ப்ராசஸர் விட்டுக்கொடுத்த இடத்தை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். படம் சீராக ஓடினால் அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணிக்கை இறங்கினால் உங்கள் கேமுக்கு டர்போ வேண்டும், 100-க்கே திரும்பிவிடலாம்.