கைப்பேசியும் இல்லத்து மறைபொருளும்
(சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்து உண்ணும் உபாத்தியாயர் ஒருவர் கைப்பேசியைக் குறித்துப் பேச முன்வந்தது என்னையென்று உங்களிற் சிலர் நகைக்கலாம். நகைப்பு நியாயமே. அக்கருவியில் எமக்குள்ள புலமை, எம்மிடம் எட்டாம் வகுப்பிற் பயிலும் சிறுவனுக்குள்ள புலமையிற் பாதியும் இராது. ஆயினும் அக்கருவியைக் கொண்டு யாம் ஒரு பிழை இழைத்தோம். அது நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றை வருத்தியது. அதனை மறையாது உரைத்தற்கே தலைவரிடம் இன்று சிறிது பொழுது வேண்டிப் பெற்றோம்.

சென்ற தை மாதத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் தம் மகளின் ஜாதகத்தை நம்மவர் வாட்ஸ்அப் குழுவில் இட்டார். (இதற்குப் ‘புலனம்’ என்று தமிழன்பர்கள் பெயர் சூட்டியுள்ளனர், பெயர் நன்றே. எனினும் தாய்மார்களுக்கு உடனே விளங்கும் பெயராலேயே பேசுவோம்.) பெண்ணின் நிழற்படம், பிறந்த நாள், நாழிகை, பெற்றோர் பெயர், வேலை பார்க்கும் இடம், மாத ஊதியம், வீட்டு முகவரி, அவளது கைப்பேசி எண் ஆகிய யாவும் அதில் இருந்தன. நல்ல இடம் அமையட்டும் என்னும் எண்ணத்தால் யாம் அதனை வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பினோம். அதற்கு ஆன பொழுது கண்ணிமைப் பொழுதே. அக்குழுக்களில் உள்ளார் யாவர் என்பதை யாம் அறியோம். அறிய முயன்றதும் இல்லை.

பத்து நாட்கள் கழிவதற்குள் அப்பெண்ணுக்கு இரவு நேரங்களில் முகமறியாதார் அழைப்புகள் வரலாயின. ஒருவன் தன்னை வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை என்று கூறி, அவள் தந்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் பிழையின்றி ஒப்பித்தான். பரிசுப் பெட்டி ஒன்றை அனுப்பியதாகவும், அது சுங்கத்தில் தடைப்பட்டிருப்பதால் பணம் கட்டி மீட்க வேண்டும் என்றும் சொன்னான். பெண் அறிவுடையவளாதலின் பணம் இழந்திலள். ஆனால் கல்லூரி நாள் முதல் வைத்திருந்த எண்ணை விட்டொழிக்க நேர்ந்தது. வங்கி, எரிவாயு, அலுவலகம் என அவ்வெண்ணோடு பிணைந்தவை அனைத்தையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். மணப்பேச்சையே சில காலம் எடுக்க வேண்டாம் என்று தந்தையிடம் சொல்லிவிட்டாள்.

அவள் எம்மிடம் தமிழ் படித்தவள். யாம் சென்று வருத்தம் தெரிவித்தபோது, “ஐயா, நீங்கள் நல்லெண்ணத்தால்தான் அனுப்பினீர்கள். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே” என்று மட்டும் கூறினாள். யாம் விடை கூற மாட்டாது எழுந்து வந்தோம்.

அன்றிரவு எமக்கு நினைவில் வந்தது, யாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒரு பாடமே. அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியத்தின் விதி. பத்துப்பாட்டுள் நெடுநல்வாடையைப் பாருங்கள். பிரிவால் வருந்தும் அரசியைப் பாடுவதால் அதனை அகம் என்றே எவரும் கொள்வர். ஆயினும் வேலில் வேம்பு சூட்டப்பட்டிருந்த செய்தி அதனுள் வருகின்றது. வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளப் பூ. பெயர் சொல்லாவிடினும் ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டதனால் அதனைப் புறம் என்று கொண்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரே ஒரு பூ! நாமோ பெயரும் தெருவும் படமும் எண்ணும் ஒருங்கே எழுதிவிட்டு, ‘நம்மவர்க்குள்தானே’ என்று அமைதி கொள்கின்றோம். பள்ளிச் சீருடையோடு பேரக் குழந்தையைப் படமெடுத்து இடுகின்றோமே, அச்சீருடையும் அந்த வேம்புதான்.

‘வாட்ஸ்அப் செய்திக்குப் பூட்டு உண்டு, பிறர் படிக்க இயலாது’ என்று நண்பர் ஒருவர் எம்மிடம் வாதித்தார். பூட்டு உள்ளது உண்மையே. 2016 முதல், அனுப்புவோரும் பெறுவோருமன்றி இடையில் உள்ளார் செய்தியைப் படிக்க இயலாதவாறு அது அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் பூட்டு வழிக்கே உரியது. கடிதத்தை அரக்கு முத்திரையிட்டு அனுப்பினாலும், பெற்றவர் பிரித்துச் சந்தையில் வாசித்தால் அரக்கு என்ன செய்யும்? ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். ஆயிரத்து இருபத்து நால்வர் கூடியதை நாம் திண்ணை என்று எண்ணுகின்றோம், அது தேர்முட்டி. ‘அழித்துவிட்டேன்’ என்பதும் அரைகுறை ஆறுதலே. நாம் இட்ட இடத்தில் அழிக்கலாம், அதுவும் இரண்டரை நாட்களுக்குள். அதற்குள் ஒருவர் வேறிடத்துக்கு அனுப்பியதையோ தம் கருவியிற் சேமித்ததையோ நம்மால் மீட்க ஒண்ணாது.

சட்டம் காவாதோ எனின், அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிமனிதர் விவரங்களைக் காத்தற்கென்றே தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும், ஒருவர் தம் சொந்தக் காரியமாகவோ வீட்டுக் காரியமாகவோ செய்வதை அச்சட்டம் தொடாது. நம் வீட்டுத் திண்ணைக்குச் சட்டம் வந்து காவல் நிற்கும் என்று இருத்தல் பேதைமை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். இவ்விதழின் பழைய தொகுதிகளைப் புரட்டிப் பார்த்தோம். மணமகள் குறித்த அறிவிப்புகளில் வயதும் நட்சத்திரமும் படிப்பும் மட்டுமே காணப்படுகின்றன. கடைசியில் ‘விவரங்களுக்குக் காரியதரிசிக்கு எழுதுக’ என்று முடிகின்றது. விசாரிப்போர் யாரென்று காரியதரிசி அறிந்து, பெண் வீட்டாரைக் கேட்ட பின்னரே முகவரி தந்தார். நாளேடுகள் பெட்டி எண் கொடுத்ததும் இதன் பொருட்டே. அதனை வீண் தாமதம் என்று நாம் கைவிட்டோம்.

தாய்மார்களுக்கு ஒன்று கூறுவோம். வங்கியிலிருந்து என்று எவர் அழைப்பினும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லற்க. பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. இரகசிய எண்ணை இடவேண்டியதே இல்லை. இடச் சொல்பவன் கள்வன். ஏமாற நேர்ந்தால் நாணி வாளாவிராது, அக்கணமே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துச் சொல்லுக. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். மருமகள் என்ன நினைப்பாளோ என்று ஒரு வாரம் மறைத்து வைத்திருந்த மூதாட்டியை யாம் அறிவோம்.

இனி, எம் வேண்டுகோள். நம் குழுவில் ஜாதகங்களையும் நிழற்படங்களையும் இடுவதை இன்றோடு நிறுத்துதல் வேண்டும். அவை முன்போலக் காரியதரிசியிடம் பதிவேட்டில் இருக்கட்டும். பெண்ணின் ஜாதகத்தைப் பெறும்போது தந்தையின் ஒப்பத்தோடு பெண்ணின் ஒப்பமும் பெறுக, பிள்ளைக்கும் அவ்வாறே. கைப்பேசியைக் கையாளும் முறையை முதியோர்க்குக் கற்பிக்க மாதம் ஒரு ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தைத் திறந்துவிடுக. கற்பவர் வரிசையில் யாம் முதலில் அமர்வோம்.

இதனைத் தீர்மானமாக எழுதித் தலைவரிடம் கொடுத்துள்ளோம். முன்மொழிபவர் யாமே. வழிமொழிவார் ஒருவர் வேண்டும். அவர் தாய்மார்களுள் ஒருவராயின் பெரிதும் மகிழ்வோம்.