எட்டு வனப்பும் ஓர் உப்பளமும்

(ஆறுமுகநேரியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



வகுப்பில் ‘அழகான காட்சி ஒன்று வரைக’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே படத்தைத்தான் தருவார்கள். இரண்டு மலைகள், நடுவே சூரியன், வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. நம் ஆறுமுகநேரியில் மலை ஏது? இங்கே சூரியன் கடலிலிருந்து அல்லவா எழுகிறது? பள்ளிக்கு வரும் வழியில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள் நிற்கின்றன. அவற்றை நம் பிள்ளைகள் ஏன் வரைவதில்லை? அழகு என்பது வேறு எங்கோ இருக்கிறது, நம் ஊரில் இல்லை என்று அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. நாம் ஊரைக் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

இது ஓவிய வகுப்போடு முடிந்துபோகும் செய்தி அன்று. ஊரில் அழகில்லை என்று எண்ணும் பிள்ளை, நாளடைவில் ஊரில் நடக்கும் வேலையிலும் மதிப்பில்லை என்று எண்ணத் தொடங்கும். பெற்றோர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு ‘கூலி’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும். அதனால்தான் இன்று அழகைப் பற்றிப் பேச விரும்பினேன்.

தமிழாசிரியர்களுக்குத் தெரிந்த ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். தொல்காப்பியம் செய்யுளியலில் எட்டு வனப்புகள் கூறப்படுகின்றன: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. இதில் நான் வியப்பது, ‘அழகு’ என்பதும் அந்த எட்டில் ஒன்றாகத்தான் வருகிறது என்பதை. வனப்பு பெரிது. அழகு அதில் ஒரு வகை. தொல்காப்பியர் இவற்றைச் செய்யுளுக்காகவே சொன்னார். ஆனால் அவற்றில் நான்கை மட்டும் கடன் வாங்கி நம் ஊரைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலாவது அம்மை. சில மெல்லிய சொற்களால், அடிகள் நீளாமல் அமைவது. சிறியதன் வனப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கல்லுப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். யாரும் உளி கொண்டு செதுக்கவில்லை. ஆனாலும் பக்கங்கள் சதுரம், மூலைகள் செங்கோணம். சோடியமும் குளோரினும் மாறி மாறிக் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால் வந்த வடிவம் அது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் பிரிகின்றன. அதன் பிறகே நாம் உண்ணும் உப்பு விளைகிறது. கசப்பைத் தரும் மக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே தங்குகின்றன. அந்தக் கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். வேதியியல் பாடம் ஒன்று பாத்தி பாத்தியாக நம் கண்முன்னே நடக்கிறது.

இரண்டாவது தொன்மை. பழமையைச் சுமந்து நிற்பதன் வனப்பு. உப்பு வணிகரான உமணரும் அவர்களின் வண்டி வரிசையும் சங்கப் பாடல்களில் வருகின்றன. பக்கத்திலிருக்கும் கொற்கை பாண்டியரின் துறைமுகமாக இருந்தது. இன்று கடல் பின்வாங்கி, அது உள்நாட்டுச் சிற்றூராக நிற்கிறது. கொற்கை முத்தைப் புலவர்கள் பாடினார்கள். கடல்கடந்த நாட்டாரும் விரும்பி வாங்கினார்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று குறிப்பிடுகிறது. முத்தின் ஒளியைப் பார்த்த உலகம், மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது விருந்து. புதியதாகப் புனையப்படுவது. தினமும் பார்க்கும் இடத்திலும் புதுமை வந்து நிற்கும். உப்புச் செறிவு கூடிய பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கடும் உப்பிலும் வாழக்கூடிய நுண்பாசிகளும் நுண்ணுயிரிகளும் தரும் நிறம் அது. அந்தப் பாசியை ஆர்ட்டீமியா என்னும் சின்னஞ்சிறு உப்புநீர் இறால் தின்கிறது. பாசியையும் இறாலையும் பூநாரை தின்கிறது. பூநாரைக்குப் பிறவியிலேயே சிவப்பு நிறம் கிடையாது. குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். உணவிலுள்ள நிறமி சேரச் சேர இறகு சிவக்கிறது. நம் மாவட்டத்து உப்பளங்களுக்குப் பூநாரைகள் வந்து போகின்றன. அடுத்த முறை அவை வரும்போது உணவுச் சங்கிலிப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே நடத்தலாமே.

நான்காவது புலன். ஊரார் பேச்சிலேயே சொல்லப்பட்டு, ஆராயாமலே பொருள் விளங்குவது. இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. அளம், தெப்பம், பாத்தி, வாருபலகை, தட்டுமேடு, அம்பாரம் என்று ஒரு தனி அகராதியே இங்கு வழங்குகிறது. எட்டாம் வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி இருந்தாள். உப்பு எப்போது வாரும் பக்குவம் அடைகிறது என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். “எங்கம்மாவுக்குப் பாத்தியப் பாத்தாலே தெரியும் சார். கால வச்சா இன்னும் நல்லாத் தெரியும்” என்றாள். பிறகு பத்து நிமிடம் அவள் பேச நாங்கள் கேட்டோம். பாத்தியின் அடித்தரை கலங்காமல் உப்பை மட்டும் இழுத்துச் சேர்க்க எவ்வளவு கை அழுத்தம் வேண்டும் என்று அவள் கையாலேயே காட்டினாள். அன்று அந்த வகுப்புக்கு ஆசிரியர் அவள்தான். ‘கூலி’ என்ற சொல்லுக்குள் இவ்வளவு அறிவும் தேர்ச்சியும் அடங்கிக் கிடக்கின்றன.

ஆசிரியர்களே, அழகைப் பேசும்போது ஓர் ஆபத்தும் உண்டு. உப்பளம் எவ்வளவு அழகு என்று நிழலில் நின்று சொல்வது எளிது. அங்கே வேலை செய்பவருக்கு அந்த வெண்மை கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது. வெயிலுக்கு முன்னே முடிக்க விடியுமுன் போக வேண்டியிருக்கிறது. அதனால் காலையில் தம்பி தங்கையரை எழுப்பிக் கிளப்பிவிட்டு வரும் பிள்ளை பள்ளிக்குத் தாமதமாகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலை நின்றுவிடும். அந்தக் காலத்துக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகிறது. நம் மாணவர் வீடுகளில் தகுதியுள்ளவர்களுக்கு அது கிடைத்ததா என்று கேட்டறிவதும் நம் கடமைதான். அழகையும் பார்த்து, பாத வெடிப்பையும் பார்க்கிற கண்ணைத்தான் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்த வட்டாரத்து உப்பளத் தொழிலாளரோடு பழகி எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவல் அந்தக் கண்ணோடு எழுதப்பட்டது. வாய்ப்புள்ளவர்கள் வாசியுங்கள்.

இனி, நாளைக்கே செய்யக்கூடிய மூன்று வேலைகள்.

ஒன்று: 100 மில்லி லிட்டர் நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்பு கரையும். அப்படிக் கரைத்த நீரைக் கறுப்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் வற்றியதும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கச் சொல்லுங்கள். கண்ட வடிவத்தை வரையச் சொல்லுங்கள்.

இரண்டு: வீட்டுத் தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டு, பொருளோடு எழுதிவரச் சொல்லுங்கள். ஆத்தூரில் வெற்றிலை, உடன்குடியில் கருப்பட்டி, புன்னக்காயலில் வலை என்று ஊருக்கு ஊர் அகராதி மாறும். உங்கள் ஊரில் தறியோ செங்கல் சூளையோ இருக்கலாம். எதுவானாலும் சொல் உண்டு.

மூன்று: அந்தச் சொற்களைத் தந்த ஒரு தாயையோ தந்தையையோ வகுப்புக்கு அழைத்து வாருங்கள். உட்கார நாற்காலி கொடுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். நாம் பின்வரிசையில் அமர்ந்து கேட்போம். பேசி முடித்து அவர் எழும்போது, வகுப்பே எழுந்து நின்று நன்றி சொல்லட்டும். அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எட்டு வனப்பில் அது எதில் சேரும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.