வெந்த பாறையில் உயிரின் சுவடு



உயிர் எப்படித் தோன்றியது என்று பேசச் சொன்னார்கள். நம் பாலக்காடு, இடுக்கி மலைகளை வைத்தே பேசலாம் என்று துணிந்தேன். அதற்கு முன் நம் பெருமையைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்தவர்கள் என்று மேடைதோறும் சொல்லிப் பழகியவர்கள் நாம். கல்லின் வயது தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து கிட்டத்தட்ட இந்தக் கணக்கைத் தந்தார். இதோடு ஒப்பிட ஒரு தவளையைச் சொல்கிறேன். இடுக்கியில் மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் பாதாளத் தவளையை 2003இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தபோது, அதன் நெருங்கிய உறவு செஷல்ஸ் தீவுகளில் இருப்பது தெரிந்தது. இரண்டும் பிரிந்து ஏறக்குறைய 13 கோடி ஆண்டாகிறது என்று அப்போது கணித்தார்கள். விலங்கியலாருக்கு அது பெரும் பழமை. பாறையைப் படிப்பவருக்கு நேற்றைய செய்தி.

பாலக்காட்டுக் கணவாயின் வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளி. காற்றுக்கும் ரயிலுக்கும் வழிவிட்ட இந்தத் தாழ்நிலம் நிலவியலில் ஒரு பெரிய முறிவுப் பட்டையின் பகுதி. வடபுறத்து நீலகிரிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன் ஆழத்தில் வெந்தவை. தென்புறத்தில் ஆனைமலை, மூணாறு பக்கத்துப் பாறைகள் கடைசியாக வெந்தது 55 கோடி ஆண்டை ஒட்டி, கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில். மூணாற்றுக் கிரானைட் இடையில் வந்தது. வயது சுமார் 75 கோடி.

இந்த மலைகளில் கிரஷருக்குப் போகும் கருங்கல்லில் ஒரு பகுதி சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். கல் போனதோ நம் பல்லாவரத்திலிருந்து. ஊர்ப்பெயர் விட்டுப்போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

பெயரை விடுவோம். பூமிக்குள் 25 கிலோமீட்டருக்கும் கீழே, 700, 800 டிகிரி வெப்பத்தில் உருவான பாறை அது. அந்தச் சூட்டில் எந்த நுண்ணுயிரின் வடிவமும் மிஞ்சாது. வெந்த இட்டிலியில் அரிசி மணியைத் தேடி என்ன பயன்? ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் 348 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் இவ்வளவு வேகவில்லை. அதனால் நுண்ணுயிர்க் கூட்டங்கள் அடுக்கடுக்காகப் படிந்த ஸ்ட்ரோமடோலைட்டுகளை அங்கே கண்ணால் பார்க்கலாம். நமக்கு அந்தப் பேறு இல்லை. பழமை இருக்கிறது, சாட்சி கரைந்துவிட்டது.

முழுதும் கரைந்துவிட்டதா? வடிவம் போனாலும் வேதியியல் அவ்வளவு எளிதில் போவதில்லை. வாளையாற்றில் சிமெண்டுக்கு வெட்டிய சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது. பிறகு வெந்து படிகமானது. அட்டப்பாடியிலும் சேலத்துக் கஞ்சமலையிலும் இரும்புப் பட்டைப் பாறைகள் இருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத கடலில் இரும்பு நீரில் கரைந்தே கிடக்கும். ஆக்சிஜனைச் சந்தித்தால் துருவாகிப் படியும். ஒளியை உண்ட நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் விட்டதால் படிந்ததா, ஆக்சிஜன் இல்லாமலே இரும்பைத் துருவாக்கும் வேறு நுண்ணுயிர்களின் வேலையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். காற்றில் ஆக்சிஜன் நிலையாகச் சேரத் தொடங்கியது 240 கோடி ஆண்டை ஒட்டித்தான்.

இதைவிட நுட்பமான சாட்சி கிராஃபைட், நம் பென்சில் கரி. உயிருள்ளவை கார்பனில் கனம் குறைந்த 12ஆம் வகையைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். உடல் மக்கி, மண்ணாகி, பாறையாகி வெந்த பிறகும் அந்தச் சாய்வு பல இடங்களில் தங்கிவிடுகிறது. தென்கேரளத்தில் படிவுப் பாறைகளிலிருந்து வந்த கிராஃபைட்டில் அதை அளந்திருக்கிறார்கள். கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பாறையில் இதே சாய்வைக் கண்டு 1999இல் மினிக் ரோசிங் உயிரின் தடயம் என்றார். ஆனால் எச்சரிக்கை தேவை: ஆழத்திலிருந்து ஏறிவந்த கரியமில வாயுவிலிருந்தும் கிராஃபைட் உண்டாகும். கரி கண்ட இடமெல்லாம் உயிர் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

அதற்கும் முந்தைய காலத்துப் பாறை மிக அரிது. பெரும்பாலும் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள்தான் உண்டு. படிகமாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை விலக்குவதால், பிறகு உள்ளே சேரும் ஈயமெல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. அதை அளந்தால் வயது. ஒடிசாவின் சம்புவாவில் ஏறத்தாழ 420 கோடி ஆண்டுச் சிர்க்கான் கிடைத்திருப்பதாக 2018இல் அறிவித்தார்கள்.

பாறை மௌனமாகும் இடத்தில் ஆய்வுக்கூடம் பேசத் தொடங்குகிறது. ஆதிக் கடலில் கரிமச் சேர்மங்கள் தாமே திரண்டிருக்கும் என்று 1929இல் எழுதிய ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார். 1953இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி கலந்த குடுவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். ஆதிக்காற்றில் கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுதி என்ற கருத்து பின்னர் வலுப்பட்டதால் அந்தச் சோதனையின் மதிப்பு கொஞ்சம் குறைந்தது.

நமக்கு நெருங்கியவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்குத் திரும்பியவர். தத்துவம் படித்தவர் இந்தக் கேள்வியைத் தேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை அவரும் நாசா சகாக்களும் ஆராய்ந்து, அதிலிருந்த அமினோ அமிலங்கள் விண்வெளியைச் சேர்ந்தவையே என்று 1970இல் காட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஆதாரம் எளிமையானது: ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கும் இடக்கை வகையும் வலக்கை வகையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நம் உடலின் புரதங்களில் இடக்கை வகை மட்டுமே உண்டு. மனிதக் கை பட்ட அழுக்காக இருந்தால் அதுதான் மிகுந்திருக்கும். 1997இல் குரோனினும் பிட்ஸரெல்லோவும் அதே கல்லின் சில அமினோ அமிலங்களில் இடக்கை வகை சில விழுக்காடு கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அந்தச் சிறு மிகுதி பூமியில் முழு ஆட்சியாக மாறியது எப்படி என்பதைத்தான் இன்றைய வேதியியலார் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.