ஏறும் கியரே இறங்கும் கியர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இயலும் இசையும் நாடகமும் இம்மேடையை அணி செய்வது வழக்கம். இவ்வாண்டு, நம் வயிற்றுக்குச் சோறிடும் தொழில் ஒன்றைப் பற்றியும் ஒருவர் பேசட்டும் என்று செயற்குழுவினர் விரும்பினர். லாரியின் கியர்ப்பெட்டியும், கனரக ஓட்டுநர் உரிமம் பெறும் வழியுமே நான் எடுத்துக்கொண்ட பொருள். பட்டறைப் பேச்சாயிற்றே என்று தாய்மார்கள் எண்ண வேண்டா. இரவில் புறப்பட்ட மகனோ கணவனோ காலையில் சேலத்திலிருந்து தொலைபேசியில் பேசும் வரை கண்ணுறங்காமல் காத்திருப்பவர்கள் நீங்கள். ஆதலால் இப்பேச்சு உங்களுக்கே முதற்கண் உரியது.

கலாசிப்பாளையத்திலும் யஷ்வந்த்பூர் மண்டியிலும் நிற்கும் லாரிகளைப் பாருங்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய வண்டிகள் கண்ணில் படாமல் இரா. அவை ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்கின்றன. அச்சாலை இன்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. 2010-ஆம் ஆண்டு எண்கள் மாற்றப்படும் வரை அது 7-ஆம் எண் சாலை எனப்பட்டது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டருக்கும் தாழ்ந்தது. ஆகவே இங்கிருந்து பாரம் ஏற்றிப் புறப்படும் ஒவ்வொரு வண்டியும் 600 மீட்டர் இறங்கியே தீர வேண்டும். அவ்விறக்கத்தின் கொடிய பகுதி தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாய். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், சிமெண்டு ஏற்றிவந்த லாரி ஒன்று அவ்விடத்தில் வரிசையாக நின்ற வண்டிகளின்மேல் மோதியது, நால்வர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு சனவரியிலும் அங்கே நால்வர் உயிரிழந்தனர். அத்தகைய இறக்கத்தில் ஓட்டுநருக்குக் கைகொடுக்கும் கருவி எது? பிரேக் என்பீர்கள். பாதி விடைதான் அது. மற்றப் பாதி கியர்ப்பெட்டி.

கியர்ப்பெட்டியின் வேலை யாது? டீசல் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள்தான் தன் முழு வலிமையையும் காட்டும். நின்ற லாரியை அசைக்கப் பெருவலிமை வேண்டும். சமவெளியில் ஓடும்போது வேகம் வேண்டும். எஞ்சின் பல சுற்றுச் சுற்றிச் சக்கரத்துக்கு ஒரு சுற்றுக் கொடுத்தால் வலிமை மிகும், வேகம் குறையும். அது தாழ்ந்த கியர். எஞ்சினும் கியர்ப்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகச் சுழன்றால் வேகம் மிகும், வலிமை குறையும். அது உயர்ந்த கியர். இந்தப் பேரத்தை நடத்தும் தரகனே கியர்ப்பெட்டி.

இப்பெட்டிகளில் ஐந்து வகையை அறிந்தால் போதும்.

முதலாவது, நகரும் பற்சக்கரப் பெட்டி. 1890-களில் பிரான்சு நாட்டுப் பனார்-லெவாசர் வண்டிகளில் இடம்பெற்ற முறை இது. பற்சக்கரத்தையே தண்டின்மீது நகர்த்தி மற்றொரு பற்சக்கரத்தோடு கோக்க வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் பல்லோடு பல் மோதிக் கரகரவென்று அலறும். 'கிராஷ் பெட்டி' என்று பெயர் வந்த காரணம் அதுவே.

இரண்டாவது, கான்ஸ்டன்ட் மெஷ் பெட்டி. இதில் பற்சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும். அவற்றைத் தண்டோடு பூட்டும் பல்வளையம் மட்டுமே நகரும். உறுதியானது, பாரம் தாங்குவது. நம் பழைய லாரிகள் பலவற்றின் முதுகெலும்பு இதுவே. ஆனால் இதற்கு இரட்டைக் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும். கியரைக் குறைக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைச் சற்று அழுத்தி எஞ்சின் சுழற்சியை உயர்த்தி, மறுபடி கிளட்சை மிதித்துத் தாழ்ந்த கியரைப் போட வேண்டும். காதும் காலும் ஒன்றுபட்டால்தான் இது கைவரும்.

மூன்றாவது, சிங்க்ரோமெஷ் பெட்டி. 1928-ஆம் ஆண்டு அமெரிக்கக் காடிலாக் கார்களில் முதலில் வந்தது. கூம்பு வடிவ வளையம் ஒன்று உராய்ந்து, சுழலும் இரு பகுதிகளின் வேகத்தையும் சமமாக்கிய பின்னரே பூட்டவிடும். இரட்டைக் கிளட்சின் பெரும்பங்கு வேலையை இவ்வளையமே செய்துவிடுகிறது. எனினும் அளவுக்கு மீறிய வேக வேறுபாட்டில் திணித்தால் வளையம் தேயும்.

நான்காவது, இரு வரிசைப் பெட்டி. பெரிய லாரிகளில் ஒன்பது கியர் என்று சொல்கிறார்களே, அவ்வகை. ஊர்ந்து செல்வதற்கு ஒன்று, தாழ்ந்த வரிசையில் நான்கு, அதே கம்பியின் பிடியிலுள்ள விசையை மாற்றினால் உயர்ந்த வரிசையில் நான்கு. எந்த வரிசையில் இருக்கிறோம் என்ற நினைவு தப்பலாகாது.

ஐந்தாவது, தானே மாற்றும் பெட்டி. உள்ளே இருப்பவை பழைய பற்சக்கரங்களே. கிளட்சையும் கம்பியையும் மின்னணுக் கருவி இயக்குகிறது. 1980-ஆம் ஆண்டு ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், 1998-ஆம் ஆண்டு நம் நகருக்குக் கிழக்கே ஹொசகோட்டையில் வால்வோ லாரித் தொழிற்சாலையும் எழுந்தன. நம் கண்ணெதிரே உருவாகும் வண்டிகளில் இத்தகைய பெட்டிகள் பெருகி வருகின்றன. இடக்காலுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. ஆயினும் முன்னே இருப்பது நீண்ட சரிவு என்பதை முன்கூட்டி உணர்ந்து, தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்கும் பொறுப்பு ஓட்டுநரைவிட்டு நீங்கவில்லை.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவதே இப்பேச்சின் உயிர்நாடி. இறக்கம் வந்ததும் வண்டியை நியூட்ரலில் விட்டு உருட்டினால் டீசல் மிச்சமாகும் என்று ஒரு தவறான உபதேசம் தொழிலில் வழங்கி வருகிறது. அதனால் விளையும் கேட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 2018-ஆம் ஆண்டு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. 18.5 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அதனால் எழும் வெப்பம் 50 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அவ்வளவு வெப்பத்தையும் பிரேக் லைனிங் மட்டும் தாங்க முடியுமா? லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். திரும்பத் திரும்ப மிதிப்பதால் ஏர் பிரேக்கின் காற்றும் குறையும். நியூட்ரலில் எஞ்சின் மெல்லச் சுழல்வதால் காற்று விரைந்து நிரம்பாது. அந்த நேரத்தில் கியரைப் போட முயன்றால், வேக வேறுபாட்டில் கான்ஸ்டன்ட் மெஷ் பெட்டி இடங்கொடாது. சிங்க்ரோமெஷ் பெட்டியும் பெரும்பாலும் மறுத்துவிடும்.

கியரில் இறங்கினாலோ சக்கரமே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால், எஞ்சின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்தால் அப்பிடிப்பு மிகும். நம் பாட்டனார் காலத்து வண்டிமாடுகள் இறக்கத்தில் நுகத்தைப் பின்னோக்கித் தாங்கி வண்டியைக் காத்தன அன்றோ? நியூட்ரலில் விடுவது, சரிவின் நடுவே மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை மட்டும் உருட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

டீசல் மிச்சமாவதேனும் மெய்யா? அதுவும் இல்லை. இன்றைய மின்னணு எஞ்சின், கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கத் துளித்துளியாக டீசல் செலவாகிறது. ஆகவே மிச்சம் பிடிக்க எண்ணி நட்டத்தோடு ஆபத்தையும் விலைக்கு வாங்குகிறோம். பழைய ஓட்டுநர்களின் பாடம் ஒன்று உண்டு: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு, அதையும் சரிவின் தலைப்பிலேயே போட்டுக்கொள்.

இது பட்டறை அறிவுரை மட்டுமன்று. சட்டமும் இதையே கேட்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆம் விதி, உரிமத் தேர்வில் காட்ட வேண்டிய திறமைகளை அடுக்குகிறது. இறக்கத்தில் செல்லும்போது விரைந்து தாழ்ந்த கியருக்கு மாற்றுவது அவற்றுள் ஒன்று. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னோக்கி உருளாமல் மீண்டும் எடுப்பது மற்றொன்று. தரகருக்குப் பணம் கொடுத்துத் தேர்வைத் தப்பித்தவன் எதைத் தப்பித்தான் என்பது இப்போது விளங்கும். தொப்பூரில் உயிர் காக்கும் பாடத்தையே அவன் தப்பவிட்டான்.

இளைஞர்களே, உரிமம் பெறும் வழி கடினமன்று, படிப்படியானது. முதலில் 18 வயதில் இலகுரக வாகன உரிமம். அதைப் பெற்று ஓராண்டு நிறைந்து, 20 வயதும் முடிந்திருந்தால், போக்குவரத்து வாகனம் ஓட்டப் பழகுவதற்கான பயிலுநர் உரிமம் கோரலாம். எல்.எல்.ஆர். என்று வழக்கில் சொல்வது இதைத்தான். மருத்துவர் அளிக்கும் 1-ஏ படிவச் சான்று வேண்டும். பயிற்சிப் பள்ளியின் 5-ஆம் படிவச் சான்றும் வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும்; பெற்று 30 நாள் ஆன பின்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேர்வுக்கு நிற்கலாம். தேர்ச்சி பெற்றால் உரிமம் ஐந்தாண்டு செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2019-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு இடையில் நின்றுபோனவர்க்கும் கதவு திறந்திருக்கிறது.

எடைக் கணக்கையும் மனத்தில் கொள்ளுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்டது இலகுரக வண்டி. மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டினால் அது கனரகச் சரக்கு வண்டி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தோடே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024-ஆம் ஆண்டு நவம்பரில் உறுதி செய்தது. அதற்கு மேற்பட்ட வண்டியை உரிய உரிமமின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், அபராதத்தோடு காப்பீட்டு வழக்கும் குடும்பத்தின் தலையில் விழும்.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் கேளாதீர்கள். பாரம் ஏற்றிய வண்டியில் பழக்குவார்களா, மேட்டிலும் இறக்கத்திலும் ஓட்டவிடுவார்களா என்று கேளுங்கள். இத்தொழிலுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதற்காகவே தமிழ்நாட்டு அரசோடு சேர்ந்து அசோக் லேலண்ட் நிறுவனத்தார் 1995-ஆம் ஆண்டு நாமக்கல்லில் பயிற்சி நிலையம் அமைத்தனர். பெண்மக்களுக்கும் இவ்வழி அடைபட்டதன்று. 1993-ஆம் ஆண்டிலேயே குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அவர்கள் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநராகச் சேர்ந்து வழிகாட்டினார்.

வண்டி உரிமையாளர்களாக இங்கு வீற்றிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மயிலிறகும் அளவு மிஞ்சினால் அச்சை முறிக்கும் என்றறிந்த குலம் நம்முடையது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றிவிட்டு, டீசல் கணக்கில் ஓட்டுநரை நெருக்குவது முறையாகாது. நியூட்ரலில் விடும் பழக்கம் பல வேளைகளில் ஓட்டுநரின் காலில் தொடங்குவதில்லை. உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தில் தொடங்குகிறது.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை வண்டி எடுக்கும்போது "பார்த்துப் போ" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். இனி அதனோடு "தொப்பூரில் கியரில் இறங்கு" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்னையின் சொல் அவ்விறக்கத்தின் தலைப்பில் அவன் காதில் ஒலிக்கட்டும்.