ஆரோக்கியம் ஓர் அமானிதம்: அரசு சுகாதார நிலையங்களும் நமது ஜமாஅத்தும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

   

செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கை வாசித்தார்கள். பைத்துல்மாலிலிருந்து வழங்கப்பட்ட மருத்துவ உதவிகளையும் குறிப்பிட்டார்கள். உதவி கோரி வந்த மனுக்களை நானும் பார்த்தேன். அவற்றுள் பல, சர்க்கரை நோய்க்கான மாத்திரைக்கும், இரத்தப் பரிசோதனைக்கும், பிரசவச் செலவுக்கும் பணம் கேட்டு எழுதப்பட்டவை. இவை மூன்றும் நமது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைப்பவை. ஆகவே இன்று வழக்கமான பயானுக்குப் பதிலாக இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நான் தந்த அரைகுறை விடை

முதலில் என் மீதுள்ள ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ரமலான் பிறை காண்பதற்கு இரண்டு நாள் முன்பு, நமது ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர். காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வது அவர் தொழில். "ஹஜ்ரத், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஊசி போட்டுக்கொள்கிறேன். நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டார். "உடலுக்கு முடிந்தால் வையுங்கள் அத்தா, முடியாவிட்டால் சலுகை இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினேன்.

மார்க்கச் சட்டத்தின்படி என் விடையில் பிழையில்லை. ஆனால் அது பாதி விடை. உடலுக்கு முடியுமா முடியாதா என்பதை நம்பத்தகுந்த மருத்துவரிடம் கேட்டு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எட்டாவது நோன்பன்று அஸருக்கு முன் அவர் தறியடியிலேயே மயங்கி விழுந்தார். 108 வண்டியில் கொண்டு சென்றார்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர் பிழைத்தார்.

நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம் மருத்துவர் கோபப்படவில்லை. "ஒரு மாதம் முன்பே வந்திருந்தால், நோன்பு வைக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்லியிருப்போம். வைக்கலாம் என்றால் ஊசியின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தந்திருப்போம்" என்றார், அவ்வளவுதான். அந்தப் பெரியவரின் வீட்டிலிருந்து பள்ளிவாசல் இருக்கும் தூரத்தைவிட ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் தூரம் குறைவு. "ஏன் அங்கே போகவில்லை?" என்று பிறகு கேட்டேன். "அது இல்லாதவர்கள் போகும் இடம் ஹஜ்ரத்" என்றார். ஆனால் அவரோ மருமகளின் வளையலை அடகு வைத்து, வட்டி கட்டி மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். மருந்து தீர்ந்தால் அடுத்த கூலி வரும்வரை ஊசியே போடாமலும் இருந்திருக்கிறார்.

மார்க்கம் தடுத்த வட்டியில் விழுவதற்கு நாம் வெட்கப்படவில்லை. நமக்குரிய மருந்தைக் கேட்டு வாங்க வெட்கப்படுகிறோம். இந்த நிலை மாற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது தர்மம் அல்ல, நமது உரிமை

நமது பள்ளிவாசல் ஹவ்ளில் செல்வந்தரும் ஏழையும் ஒரே நீரில்தான் ஒளூச் செய்கிறோம். அதை யாரும் தர்மத் தண்ணீர் என்று சொல்வதில்லை. சுகாதார நிலையமும் அப்படித்தான். நாம் கடையில் வாங்கும் பொருளின் விலையிலேயே வரியும் சேர்ந்திருக்கிறது. ஏழையும் அதைக் கட்டுகிறான். 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கமும், 2013இல் தொடங்கிய நகர்ப்புற இயக்கமும் சேர்ந்து இன்று தேசிய சுகாதார இயக்கமாக நடைபெறுகின்றன. அதற்கான செலவில் 60 பங்கை மத்திய அரசும் 40 பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. இரண்டும் நமது வரிப்பணமே.

இதற்கு முந்தைய வரலாறும் உண்டு. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் தந்த அறிக்கையின் வழியே, 1952 முதல் நமது நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. நகராட்சிகளுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. நமது விருதுநகர் மாவட்டத்தை விருதுநகர், சிவகாசி என இரண்டு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்துள்ளார்கள். இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சிவகாசி சுகாதார மாவட்டத்தைச் சேர்ந்தவை.

நமது முன்னோர்களுக்கும் இது புதிதன்று. ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அங்கே காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்தார்கள். 1284இல் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை, வக்ஃபு வருமானத்தில், ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றிச் சிகிச்சை அளித்தது. பொதுச் செல்வத்தால் நடக்கும் மருத்துவம் நமது மரபிலேயே உள்ளது.

மருந்து பற்றிய சந்தேகம்

"இலவச மருந்து வேலை செய்யாது" என்று சிலர் கூறுகிறார்கள். அந்த மருந்துகளை வாங்கித் தருவது 1994இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக, நிறுவனப் பெயரால் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குவதால் விலை குறைகிறது. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறியதையே மருத்துவமனைகளுக்குத் தருகிறார்கள். இம்முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றியுள்ளன. விலை குறைந்ததற்குக் காரணம் வாங்கும் முறையே அன்றி, மருந்தின் தரக்குறைவு அன்று.

தடுப்பூசியிலும் இத்தகைய சந்தேகம் எழுந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைத் தயங்காமல் போட்டுக்கொள்கிறோம். நமக்கு ஒரு நீதி, நமது பிள்ளைக்கு ஒரு நீதியா?

அறிந்துகொள்ள வேண்டிய திட்டங்கள்

முதலாவது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும். 2020இல் தமிழகத்தில் பெரியவர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அவ்வாறு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் நூற்றுக்கு ஏழு பேரே. நானும் அந்தப் பெரியவரின் நிகழ்ச்சிக்குப் பிறகே சோதித்துக்கொண்டேன். எனக்கும் அழுத்தம் இருந்தது. எந்த வலியும் இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் சோதித்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சோதிக்கிறார்கள், மாத்திரைகளையும் தருகிறார்கள். நடக்க இயலாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் இருப்போருக்கு வலிதணிப்புப் பராமரிப்பும் உண்டு. இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது. வெளியே செல்லத் தயங்கும் நமது தாய்மார்களுக்கு இது பெரிய வசதி. வாசலுக்கு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, கர்ப்பிணிகள். கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம அல்லது நகர சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்போருக்கும் அந்தப் பதிவெண் வேண்டும். 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், 19 வயது நிறைந்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாகப் பணமாகவும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வழங்கப்படுகிறது.

மூன்றாவது, காசநோய். நம்மில் பலர் பஞ்சாலையில் வேலை பார்க்கிறார்கள். இருமல் வந்தால் "பஞ்சுத் தூசு" என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்நோயை மறைப்பவர் தம் வீட்டாருக்கே தீங்கு செய்கிறார்.

நான்காவது, பெரிய அறுவை சிகிச்சைகளுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை பெறலாம். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையாமல், நலமாக இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள் இல்லையா?

உண்டு. சில நாள் காத்திருக்க நேரும். சில இடங்களில் கடிந்த சொல்லும் கேட்க நேரும். அதற்காக ஒதுங்கிவிட்டால் குறை நீங்காது. 104 என்ற எண்ணில் தகவலும் பெறலாம், முறையீடும் செய்யலாம். சுகாதார நிலையங்களில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. நமது ஜமாஅத்தார் மருத்துவ அலுவலரைச் சந்தித்து அதன் வழியே கோரிக்கை வைக்கலாம். நன்றாகப் பணியாற்றும் செவிலியருக்கு ஒரு நன்றியும் சொல்லலாம்.

நிர்வாகத்திற்கு நான்கு கோரிக்கைகள்

ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் ஷஅபான் மாதத்தில், நோன்புக்கு முன்பாக, மதரஸா கட்டடத்தில் சுகாதார நிலையத்தாரைக் கொண்டு சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை நடத்த ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு, தடுப்பூசி நாள்களையும் முகாம் நாள்களையும் பள்ளிவாசல் பலகையில் எழுத வேண்டும். ஜும்ஆவுக்குப் பின் நானே அறிவிக்கிறேன். மூன்று, படித்த நமது சகோதரிகள் சிலர் தெருவாரியாகக் கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் வழிகாட்ட முன்வர வேண்டும். நான்கு, மருத்துவ உதவி மனு வரும்போது, அது அரசு நிலையத்தில் கிடைக்குமா என்று முதலில் பார்த்து, ஒருவர் உடன் சென்று பெற்றுத் தர வேண்டும். அவ்வாறு மிச்சமாகும் பைத்துல்மால் பணம், வேறு வழியே இல்லாதவருக்குப் போய்ச் சேரும்.

இனி என்னிடம் நோன்பு பற்றிக் கேட்க வரும் நோயாளிக்கு நான் முழு விடை தருவேன், இன்ஷா அல்லாஹ். அந்தப் பெரியவர் இப்போது மாதந்தோறும் சுகாதார நிலையத்தில் இன்சுலின் பெற்றுக்கொள்கிறார். மருத்துவர் சொல்லின்படி நோன்புக்குப் பகரமாக ஃபித்யா கொடுக்கிறார். மருமகளின் வளையலும் மீட்கப்பட்டுவிட்டது.

ஆரோக்கியம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். தேடும் வழியை அறிந்து, அறியாதவருக்கும் காட்டுவோமாக. நம் அனைவருக்கும் நிறைந்த ஆஃபியத்தையும் நீண்ட ஹயாத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.